நாற்பது வேலியை முடித்தது யார்?

(நெய்வேலி நகரியத்தில் தொழிலாளர் படிப்பகக் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்தப் படிப்பகத்துக்கு என்ன புத்தகம் வாங்குவது என்று கேட்டதும் இரண்டு அணியாகப் பிரிந்துவிட்டீர்கள். "பெரிய புராணமும் வேண்டும்" என்றார்கள் சிலர். "அந்தப் பழங்குப்பை நமக்கெதற்கு?" என்றார்கள் வேறு சிலர். இதற்கிடையில் நம் இளைஞர்கள் நந்தன் கதையை நையாண்டி நாடகமாகப் போடக் கிளம்பியிருக்கிறார்கள். "புராணத்தில் கை வைக்காதே" என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். இது சின்னச் சண்டை அல்ல. பழைய இலக்கியம் யாருடைய சொத்து என்கிற சண்டை. ஆகவே இன்று அதைப் பற்றியே பேசுகிறோம்.

நந்தன் கதையையே எடுத்துக்கொள்வோம். சிதம்பரம் நமக்கு எட்டாத ஊர் அல்ல. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் திருநாளைப்போவார் கதையைப் பாடினார். பேரிகைக்குத் தோலும், யாழுக்கு நரம்பும் கொடுத்த புலைப்பாடித் தொண்டர் தில்லையைக் காண ஏங்குகிறார். தீயில் இறங்கி முனிவராக எழுகிறார். அந்தக் கதையில் ஆண்டை இல்லை. கூலி இல்லை. "போகக் கூடாது" என்று தடுக்கிற முதலாளி இல்லை.

700 ஆண்டுகள் கழித்து, 19ஆம் நூற்றாண்டில், கோபாலகிருஷ்ண பாரதியார் அதே கதையைக் கீர்த்தனையாக மறுபடி சொன்னார். தஞ்சைச் சீமையின் பண்ணையாள் வாழ்க்கையைக் கண்ணால் பார்த்தவர் அவர். பழைய நூலில் இல்லாத வேதியர் ஒருவரை நிலச்சொந்தக்காரராகக் கொண்டுவந்து நிறுத்தினார். நந்தன் லீவு கேட்கிறான். ஆண்டை என்ன சொல்கிறார்? நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார்! நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். புராணத்துக்குள் பண்ணை நுழைந்துவிட்டது, தோழர்களே!

பண்டிதர்கள் சும்மா இருந்தார்களா? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் சிறப்புப் பாயிரம் தர மறுத்தார். பாரதியார் சளைக்கவில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து பாடினார். பாட்டு உருக்கியது, பாயிரம் கிடைத்தது. பிறகு 1935இல் கே.பி.சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாக நடித்த படங்கள் வந்தன. "கை வைக்காதே" என்று சொல்கிற பெரியவர்களுக்கு நாம் பணிவாகச் சொல்கிறோம்: நீங்கள் கும்பிடுகிற நந்தன் கதையே கை வைத்து ஆக்கிய கதைதான்.

ஆனால் பாரதியார் அந்த நாற்பது வேலியை யாரை விட்டு முடித்தார்? பூதகணங்களை விட்டு, ஒரே ராத்திரியில்! இங்கேதான் நம் இளைஞர்கள் குறுக்கே வருகிறார்கள். அவர்கள் நாடகத்தில் நந்தன் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆருத்ரா தரிசனத்துக்கு லீவு கேட்கிறான். "இந்த மண்மேட்டை அள்ளி முடித்துவிட்டுப் போ" என்கிறான் மேஸ்திரி. ராத்திரி பூதகணங்கள் வருகின்றன. மண்வெட்டியைத் தொடுமுன் கேட்கின்றன: "கேட் பாஸ் உண்டா? எங்கள் பேர் மஸ்டர் ரோலில் ஏறுமா? ராத்திரி வேலைக்கு இரட்டைச் சம்பளமா?" மேஸ்திரி விழிக்கிறான். பூதங்களும் நந்தன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகின்றன!

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நையாண்டிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அது யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? நந்தனின் கந்தலையும் சாதியையும் பார்த்துச் சிரித்தால் அது மிராசுதார் சிரிப்பு. மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தால் அது நம் சிரிப்பு.

எல்லா இடத்திலும் சிரிக்கவும் முடியாது. 1934இல் புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' என்ற கதை எழுதினார். காந்தி வருகிற காலத்து ஆதனூர். முடிவில் ரயிலில் அடிபட்டு மூன்று பேர் சாகிறார்கள். ஐயர் வீட்டுப் பிள்ளையின் ரத்தமும் சேரிக்காரர் ரத்தமும் தண்டவாளத்தில் ஒன்றாகக் கலக்கின்றன. பிறகு 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் என்ன நடந்தது? கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தீயில் இறங்கினான், புனிதமானான் என்ற வரியை அதற்குப் பின் நாம் பழையபடி வாசிக்க முடியுமா?

அப்படியானால் பழைய நூலை எறிந்துவிடலாமா? கூடாது. 1943இல் கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் கொளுத்தலாமா என்று பெரிய விவாதமே நடந்தது. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் தோழர் ஜீவா கம்பனை மேடையேற்றி, உழைக்கும் ஜனங்களுக்கு அவன் சொந்தம் என்று உரிமை கொண்டாடினார். நம்மில் பலரும் "அது பண்டிதர் சமாசாரம்" என்று வெகுகாலம் ஒதுங்கி நின்றோம். அது நம் தவறு. மூலம் தெரியாதவனுக்கு எதை மாற்றினார்கள் என்று எப்படித் தெரியும்? ஆண்டை சேக்கிழாரிடம் இல்லை, பாரதியாரிடம் உண்டு என்பதை இரண்டையும் படித்தவன்தானே சொல்ல முடியும்?

ஆகவேதான் மறுபதிப்பு முக்கியம். உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடியிலிருந்து சிலப்பதிகாரத்தை 1892இல் அச்சேற்றினார். 1950களில் மர்ரே ராஜம் பதம் பிரித்து, மலிவு விலையில் பழைய நூல்களைப் போட்டார். பாரதியின் எழுத்து 1949இல் அரசுடைமையானது, புதுமைப்பித்தன் எழுத்து 2002இல். யாரும் அச்சிடலாம் என்றான பிறகுதான் மலிவுப் பதிப்பு நம் கைக்கு எட்டுகிறது.

தோழர்களே! மேல்மண்ணை அள்ளி, ஊற்று நீரை இறைத்து, அடியில் கிடக்கிற பழுப்பு நிலக்கரியை எடுக்கிறவர்கள் நீங்கள். மேலே மண் என்பதற்காக யாரும் சுரங்கத்தை மூடிவிடவில்லை. ஆகவே நம் யோசனை இது: மூலமும் வாங்குவோம், மறுகதையும் வாங்குவோம். வாரம் ஒரு மாலை, படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்கட்டும். மற்றவர்கள் கேட்கட்டும், கேள்வி கேட்கட்டும். நாடகமும் நடக்கட்டும். கோபித்துக்கொண்ட பெரியவர்களுக்கு முன்வரிசையில் பாய் போடுங்கள்.

நாற்பது வேலியை முடித்தது யார் என்று அங்கே ஒரு குழந்தை கேட்டால், பூதம் என்று சொல்லாதீர்கள். உங்கள் கைகளைக் காட்டுங்கள்!