குதிரையின் தோளருகே

மடுல்கெல்லத் தோட்டங்களில் இன்றைக்குக் குதிரையைப் பார்க்க முடியாது. வத்தேகமயிலிருந்து பன்வில வழியாக ஏறிவரும் பஸ், கொழுந்து ஏற்றும் லொறி, முச்சக்கர வண்டி, இவைதான் நம் மலைப்பாதையில் ஓடுகின்றன. நக்கிள்ஸ் மலைச் சரிவுகளில் கோப்பி விளைந்த காலத்தில் கதை வேறு. கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். மாத்தளைக்குப் பாதை நீண்டது 1880இல். ஸ்டேஷனில் இறங்கிய துரைமார் அங்கிருந்து மலை ஏறியது குதிரையில்தான். துரை குதிரைமேல் இருப்பார். பக்கத்தில் ஓர் ஆள் கால்நடையாக வருவார். அந்த ஆள் நம்மவர்.

குதிரைக்காரன் என்று அவரை அழைத்தார்கள். பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். விடியுமுன் எழுந்து குதிரையைத் தேய்த்துவிடுவது, தண்ணீர் காட்டுவது, கொள்ளு வைப்பது, குளம்பைத் தூக்கி இடுக்கில் சிக்கிய கல்லைக் குத்தி எடுப்பது, துரை மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும்வரை கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் நிற்பது, எல்லாம் அவர் வேலை. ஏறி உட்கார்ந்தவர் துரை. அந்தக் குதிரைக்கு எந்த இரைச்சல் ஆகாது, எந்தப் பாலத்தில் மிரளும், எந்தக் கால் வலிக்கிறது என்று தெரிந்தவர் குதிரைக்காரர். குதிரையைப் பற்றிய நம் முன்னோரின் அறிவு முழுவதும் தரையில் நின்று கற்ற அறிவு.

வயதான பிறகு, சவாரி இல்லாமலே, குதிரையோடு பழகுவதைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அதனால்தான் அந்த மனிதரிலிருந்து தொடங்கினேன். அறுபது தாண்டிய ஒருவர் குதிரை பார்க்கப் போகிறேன் என்றால், "இந்த வயசுல குதிரையா?" என்று வீட்டில் கேட்பார்கள். குதிரை என்றாலே ஏறுவது என்று நினைத்துவிடுகிறோம். ஏறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் இந்த வயதில் எழுந்திருப்பது சிரமம், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் குதிரைக்குப் பக்கத்தில் நிற்பது சவாரி கிடைக்காதவருக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு என்று எண்ணுவதை நான் ஏற்கமாட்டேன். மேலே இருப்பவருக்குத் தெரிவது இரண்டு காதும் பிடரி மயிரும். தோளருகே நிற்பவருக்கு அதன் கண் தெரியும், மூச்சு கேட்கும்.

அந்தக் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருக்கின்றன. அதனால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 பாகை அளவுக்கு அதனால் பார்க்க முடியும். தெரியாத இடம் இரண்டுதான்: நெற்றிக்கு நேர் முன்னால் சிறிது தூரம், வாலுக்கு நேர் பின்னால். ஆகவே நேராக முகத்துக்கு முன்னால் போய்க் கையை நீட்டக்கூடாது. பின்னாலிருந்து போவது ஆபத்து. பக்கவாட்டில், தோளை நோக்கி, ஏதாவது பேசிக்கொண்டே மெதுவாகப் போகவேண்டும். என்ன பேசினாலும் சரி, குரல் தாழ்ந்திருந்தால் போதும். காதைக் கவனியுங்கள். ஒரு காது உங்கள் பக்கம் திரும்பினால் உங்களைக் கேட்கிறது. இரண்டு காதும் பின்னால் படிந்து கழுத்தோடு ஒட்டினால் அதற்குப் பிடிக்கவில்லை, விலகிவிடுங்கள்.

சென்ற வருடம் பெப்ரவரியில் நுவரெலியாவுக்குப் போயிருந்தேன். கிரகரி வாவிக் கரையில் மட்டக்குதிரைகளை வைத்துக்கொண்டு சவாரிக்கு ஆள் பார்ப்பார்கள் அல்லவா, அங்கே ஒரு வயதான செம்மண் நிறக் குதிரை நின்றது. கண்ணுக்கு மேலே குழி விழுந்திருந்தது; வயது ஏறிய குதிரைகளுக்கு அப்படித்தான் ஆகும். ஒரு பின்னங்காலை மடக்கி, குளம்பின் நுனியை மட்டும் நிலத்தில் ஊன்றி, கீழுதடு தொங்க அரைத்தூக்கத்தில் இருந்தது.

"ஒரு ரவுண்டு போறீங்களா ஐயா?" என்று அதை வைத்திருந்த இளைஞர் கேட்டார்.

"இல்ல தம்பி. கொஞ்ச நேரம் பக்கத்துல நிக்கணும். ரவுண்டுக்கு உள்ளதத் தர்றேன்" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு பையிலிருந்து ஒரு பிரஷ்ஷை எடுத்துத் தந்தார். கழுத்திலிருந்து தோளுக்கு, மயிர் படிந்திருக்கும் திசையிலேயே தேய்த்தேன். தூசியும் உதிர்ந்த மயிரும் வெயிலில் பறந்தன. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் அந்த மேட்டுக்குக் கை வந்ததும் குதிரையின் மேலுதடு நீண்டு துடிக்க ஆரம்பித்தது. பிரஷ்ஷை வைத்துவிட்டு விரலால் சொறிந்தேன். அது தலையைத் திருப்பி என் தோளை உதட்டால் தேய்க்க வந்தது. "பல்லு பட்டுரும் ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் இளைஞர். கடிக்கிற எண்ணம் அதற்கு இல்லை. இரண்டு குதிரைகள் எதிரெதிரே நின்று ஒன்றின் முதுகை மற்றது சொறிந்துவிடும். என்னிடமிருந்து வாங்கியதை எனக்குத் திருப்பித் தரப் பார்த்தது.

கழுத்தும் முதுகும் சேரும் அந்த மேட்டுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. பிரான்சில் நடந்து 1993இல் வெளியான ஓர் ஆய்வில், குதிரைகள் ஒன்றையொன்று விரும்பிச் சொறியும் இதே மேட்டில் மனிதக் கையால் சொறிந்து பார்த்தார்கள். இதயத் துடிப்பு குறைந்தது. வேறு இடத்தில் சொறிந்தபோது அப்படிக் குறையவில்லை. ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவைதான் துடிக்கும். நம்முடையது 60 முதல் 100. அவ்வளவு நிதானமான உயிரின் பக்கத்தில் நின்றால் நம் அவசரம் நமக்கே தெரிகிறது.

குதிரைக்கும் அது தெரிகிறது. பெர்லினில் வில்ஹெல்ம் ஃபொன் ஒஸ்டென் என்று ஒருவர் இருந்தார். என்னைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியர், கணிதம் கற்பித்தவர். ஹான்ஸ் என்ற தன் குதிரைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கேள்வி கேட்டால் குதிரை குளம்பால் தட்டி விடை சொல்லும். ஊரே திரண்டு வந்து பார்த்தது. ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் சோதித்து 1907இல் உண்மையை எழுதினார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலையும் முகமும் இம்மியளவு தளர்கின்றன, அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது. கிழவர் அதை ஏற்கவில்லை. கணக்குப் போடும் குதிரையைவிட மேலாக, தன் மனத்தின் இறுக்கத்தையும் தளர்வையும் தாளம் தவறாமல் படித்த குதிரை அவரிடம் இருந்தது. அது எவ்வளவு பெரிய கொடை! முதுமையில் நம் முகத்தை அப்படி ஊன்றிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

சவாரி வேண்டாம் என்பதற்குக் குதிரையின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சேணத்தோடு சேர்த்து, தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை குதிரை சுமக்கலாம் என்பது பொதுவான கணக்கு. 250 கிலோ மட்டக்குதிரைக்கு அது 50 கிலோ. நம்மில் பெரியவர்கள் பலர் அதைத் தாண்டிவிடுவோம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் கூட்டம் நெரியும்போது அந்தக் குதிரைகள் படும் பாட்டைப் பார்த்தால் மனம் கனக்கிறது. குதிரைக்காரர்களைக் குறை சொல்லி அதைத் தீர்க்க முடியாது, அவர்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. சும்மா நிற்கவும் காசு கொடுக்க ஆளிருந்தால் குதிரைக்கு ஓய்வு கிடைக்கும், அவர்களுக்கும் கூலி குறையாது.

கொஞ்சம் தூரம் போக முடிந்தவர்களுக்கு நெடுந்தீவு இருக்கிறது. குறிகட்டுவானில் படகேறிப் போகவேண்டும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அங்கே கட்டுத்தறி இல்லாமல் திரிகின்றன. அவற்றைத் தொட முயலவேண்டாம், தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள். எது முன்னே நடக்கிறது, எது குட்டியை மறைத்து நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தால் பொழுது போவது தெரியாது. கோடையில் தண்ணீர் இல்லாமல் அவை தவிப்பதும் உண்டு, அந்தக் கவலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கண்டிப் பக்கத்திலிருந்து நுவரெலியா போக நினைக்கும் பெரியவர்கள் வார நாளில், காலையில் போங்கள். மூடிய சப்பாத்து போடுங்கள். குளம்பு காலில் பட்டால் செருப்பு காப்பாற்றாது. கரட் அந்த ஊரிலேயே விளைகிறது, இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும், நீளவாக்கில் கீறுங்கள். பாண், உருளைக்கிழங்கு, வெட்டிப்போட்ட புல் எதுவும் கொடுக்கவேண்டாம். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது, வயிற்றுக்குள் போன தவறு உள்ளேயே நின்று உயிரை வாங்கிவிடும். குதிரைக்காரரிடம் கேட்டுவிட்டு, விரல்களைச் சேர்த்து உள்ளங்கையை விரித்து, அதன்மேல் கரட்டை வைத்து நீட்டுங்கள்.