சுவிட்சைத் தாண்டிப் போகும் ஒயர்

மதுரவாயல் பைபாஸ் ஜி.எஸ்.டி. சாலையோடு சேரும் இடம் நம் இரும்புலியூர். தெற்கே போகிற ஆம்னி பஸ்ஸும் சுற்றுலா வேனும் இந்த வழியாகத்தான் ஊரைத் தாண்டுகின்றன. சீசன் முடிந்தால் வேன்கள் வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். அடுத்த சவாரிக்குச் சாவியைத் திருப்பினால், "செல்ஃப் எடுக்கல" என்பார் டிரைவர். 2020 ஊரடங்கில் ஓடாமல் நின்றே வீணான பேட்டரிகள் ஏராளம்.

நிற்கிற வண்டியில் கரன்ட் எங்கே போகிறது? ஜி.பி.எஸ். கருவி, கடிகாரம், மியூசிக் சிஸ்டம் எல்லாம் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வையுங்கள். நாளுக்கு 2.4 ஆம்பியர் ஹவர். 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்றே வாரத்தில் பாதி காலி! அப்படியே விட்டால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு என்னதான் சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

இதைத் தடுக்கத்தான் பேட்டரியின் தடித்த கேபிளில் கட்-ஆஃப் சுவிட்ச் வைக்கிறார்கள். 2021-இல் கேரள அரசு கொள்கை வகுத்து ஊக்குவித்த கேரவன்களில் இன்னும் கவனம் வேண்டும். எஞ்சினுக்கு ஒரு பேட்டரி. உள்ளே விளக்கு, ஃபேன், தண்ணீர் மோட்டாருக்கு வேறு பேட்டரி. தனித்தனி சுவிட்ச் இருந்தால், ஒன்றை அணைப்பது மற்றதைக் காப்பாற்றாது.

எஞ்சின் ஓடும்போது இந்தச் சுவிட்சைத் தொடவே கூடாது. ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் சட்டென எகிறி டயோடைப் பொசுக்கிவிடும். ஆட்புளூ திரவம் ஊற்றும் பி.எஸ்.6 வண்டியில் சாவியை அணைத்த பிறகும் அதன் பம்ப் சிறிது நேரம் ஓடும். வண்டிக் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து சுவிட்சை அணையுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. புதிதாக ஒரு கருவி மாட்டும்போது, அவசரத்தில் சுவிட்சைத் தாண்டி நேராக பேட்டரியிலேயே ஒயரை முடுக்கிவிடுகிறார்கள். சுவிட்ச் அணைந்திருந்தாலும் அந்த ஒயரில் மின்சாரம் இருக்கும். உரசித் தேய்ந்தால் தீப்பொறிதான். இன்றே பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தடித்த கேபிளோடு மெல்லிய ஒயர் ஏதாவது டெர்மினலில் தொங்கினால், அது எங்கே போகிறது, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள். ஃபியூஸ் இல்லையென்றால் வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பும் முன்பே போடச் சொல்லுங்கள்.