வெள்ளம் தங்கும் வயலுக்கு இரட்டை நடவு



தருமபுரியை வறட்சி மாவட்டம் என்று சொல்லியே நாம் பழகிவிட்டோம். கிணற்றில் நீர் வற்றுவதைப் பற்றிக் கவலைப்பட்ட அளவு, வயலில் நீர் தேங்குவதைப் பற்றி நாம் எண்ணிப் பார்த்ததில்லை. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் நம்மை எண்ண வைத்தது. ஒரே நாளில் அரூரில் சுமார் 33 சென்டிமீட்டரும், அண்டையிலுள்ள ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டரும் மழை பெய்தது. தென்பெண்ணை கரைபுரண்டது, ஏரிகள் நிரம்பி வழிந்தன.

மேட்டு வயலில் நின்ற நீர் விரைவில் வடிந்துவிடும். ஏரிக்கரையின் கீழும், ஆற்றோரத்திலும், வடிகால் தூர்ந்த பள்ளத்திலும் உள்ள வயல்களின் நிலை வேறு. அங்கே புதிதாக நட்ட பயிர் மூழ்கி அழுகிவிடுகிறது. நீர் வடிந்தபின் மீண்டும் நடலாமென்றால் கையில் நாற்று இல்லை. விதைத்து நாற்றெடுக்க ஒரு மாதம் செல்லும், பருவமோ காத்திராது. ஆகவே வெள்ளத்தில் நாம் இழப்பது பயிரை மட்டுமன்று; காலத்தையும் இழக்கிறோம்.

அவ்வாறு இழந்த காலத்தை ஈடுசெய்யும் முறை ஒன்று, அடிக்கடி வெள்ளம் காணும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் உழவர்களிடையே வழக்கிலுள்ளது. உத்தரப் பிரதேசத்தில் அதனைச் ‘சண்டா’ என்பர். நாம் இரட்டை நடவு எனலாம்.

நாற்றங்காலில் மூன்று, நான்கு வாரம் வளர்ந்த நாற்றைப் பறித்து, மேடான சிறு வயலொன்றில் நெருக்கமாக நடவேண்டும். அங்கே மேலும் மூன்று, நான்கு வாரத்தில் அது தூர் கட்டி வளரும். பள்ள வயலில் வெள்ளம் வடியத் தொடங்கியதும், குத்துகளைப் பறித்துத் தூர்களைப் பிரித்து அங்கே நடவேண்டும். உயர்ந்து தண்டு உரம் பெற்ற நாற்றாதலால், ஓரளவு நீர் நின்றாலும் தலை மூழ்காது. திருந்திய நெல் சாகுபடியில் நடும் 14 நாள் இளநாற்று, நீரை வேண்டும்போது கட்டவும் வடிக்கவும் இயலும் வயலுக்கே ஏற்றது.

சில எச்சரிக்கைகளையும் மனத்திற் கொள்வோமாக. குறுகிய கால ரகங்கள் இம்முறைக்கு ஆகா. முதிர்ந்த நாற்றாக நட்டால் அவை போதிய தூர் கட்டாமலே கதிர்விடும். நீண்ட கால ரகங்களே ஏற்றவை. அவற்றுள் சி.ஆர். 1009 சப்-1 சுமார் 150 நாளுக்கு மேற்பட்ட வயதுடையது. ஒடிசாவின் நாட்டு நெல்லொன்றிலிருந்து பெற்ற ‘சப்-1’ மரபணு அதில் சேர்க்கப்பட்டுள்ளது. சாதாரணப் பயிர் நீருக்குள் நீண்டு வளர முயன்று தன் சேமிப்பையெல்லாம் செலவிட்டு மடியும்; இதுவோ வளர்ச்சியை அடக்கிக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு வாரம் வரை மூழ்கியிருந்தும் பிழைக்கும்.

இரட்டை நடவில் நடவுக் கூலி இருமுறையாகும். ஆதலால் ஊரின் எல்லா வயலுக்கும் இது வேண்டியதில்லை. பள்ள வயல்களுக்கே போதும். கதிர் வந்தபின் டிசம்பரில் மூழ்கும் பயிருக்கு இம்முறை உதவாது. அங்கே வடிகால் ஒன்றே துணை.

இதில் ஊராட்சியின் கடமை யாது? பள்ள வயல் உடையவரிடம் பெரும்பாலும் மேட்டு நிலம் இராது. தனியொருவரால் இயலாததை ஊர் கூடிச் செய்யலாம். பருவத் தொடக்கத்திலேயே கிராம சபையில் பள்ள வயல்களைக் கணக்கெடுப்போம். பாசன வசதியுள்ள மேட்டு வயலொன்றைக் குத்தகைக்குப் பேசி, பொது நாற்று வயல் அமைப்போம். விதைச் செலவையும் கூலியையும் பயன்பெறுவோர் பகிர்ந்துகொள்ளட்டும். வெள்ளம் வாராத ஆண்டிலும் அந்நாற்று வீணாகாது; பள்ள வயலில் அதையே நடலாம். மழைக்கு முன்னரே வடிகால்களைத் தூர் வாருவோம்.

வெள்ளம் நம்மைக் கேட்டு வருவதில்லை. அது வடியும் நாளில் மேட்டிலே நாற்று ஆயத்தமாய் நின்றால், அந்த ஆண்டின் விளைச்சல் நம் கைவிட்டுப் போகாது.