நாயும் நாடகமும் நாலு பேரும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுதலில் நிகழ்த்திய உரை)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஓய்வுக்காலமும் மனநிறைவும்’. தலைப்பைப் பார்த்ததும் பயந்து போனேன். அதற்கு ஒரு சாமியாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் அனந்தபுரத்தில் குடியிருக்கிற சாதாரண ஆள். எனக்குத் தெரிந்தது ஒரு நாய், இரண்டு நாடகம், மூன்று நண்பர்கள். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

நாங்கள் 1973-லிருந்து 1976 வரை இங்கே படித்தோம். நாலு பேர். ஒருவன் சரித்திரம் படித்தவன், கடைசிவரை பள்ளிக்கூட வாத்தியார். இன்னொருவன் தபால் இலாகா. மூன்றாமவன் நிலத்தையும் மணிலாக்கொட்டையையும் பார்த்துக்கொண்டு செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலேயே தங்கிவிட்டான். நாலாவது ஆள் நான். பெயர்களைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. உத்தரவு போட்ட இரண்டு பேரும் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாணவர் காலத்தில் நாலு பேரும் ஒன்றாகப் போனது கொட்டகைக்குத்தான். எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ 1960-லேயே வந்த படம். எங்கள் டூரிங் டாக்கீஸுக்கு அது எத்தனை முறை திரும்பி வந்தது என்று கணக்கே இல்லை. மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்து பார்ப்போம். பின்னால் இருப்பவன் மேட்டைக் காலால் தள்ளிவிடுவான். செஞ்சிப் பிள்ளைகளுக்கு அது நம்ம ஊர்க் கதை அல்லவா? சரித்திர நண்பன் மட்டும் அப்போதே வழக்குப் பேசுவான்: “1714 அக்டோபர்ல ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோட நடந்த சண்டைடா. ஆளுக்கு அப்ப இருபத்திச் சொச்சம் வயசுதான். கூடவே நின்னு செத்தானே சிநேகிதன் மகபத் கான், அவன்தான்டா கதை.” ஐம்பது வருஷமாக ஒவ்வொரு அக்டோபரிலும் இதைக் கேட்கிறோம். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததே, அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி. அன்று அவன் பேசிய பேச்சைப் பார்த்தால் கோட்டையை இவன்தான் கட்டியது போல இருந்தது.

2024 புரட்டாசி வாக்கில் மணிலாக்கொட்டை நண்பன் போய்ச் சேர்ந்தான். நெஞ்சுவலி, அரைமணி நேரம். நாலு பேர் மூன்று பேரானோம். பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின இரவு வீட்டு வாசலில் ‘கர்ண மோட்சம்’ கூத்து வைத்தார்கள். நகரத்துத் தம்பிகளுக்குச் சொல்ல வேண்டும்: நம் வடபுலத்தில் சாவுக் காரியத்தில் கர்ண மோட்சம் ஆடுவது பழைய வழக்கம். தானம் கொடுத்தே வாழ்ந்தவன் கதையைப் பாடிச் செத்தவனை வழியனுப்புவது. திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்து என்றால் பங்குனியிலிருந்து ஆடிவரை. மேலச்சேரி கோயில் பக்கமெல்லாம் நமக்குப் பழக்கந்தான். சாவுக் கூத்துக்குக் காலம் கிடையாது.

மழை தூறிக்கொண்டே இருந்தது. பந்தலுக்கு மேல் தார்ப்பாய். ராத்திரி பத்து மணிக்கு மத்தளமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து ஒரு வாங்கு வாங்கியதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கட்டியங்காரன் செத்தவனைக்கூட விடவில்லை. “இந்த வீட்டுக்காரரு எனக்கு அஞ்சு படி கொட்டை பாக்கி வச்சிட்டுப் போயிட்டாரு” என்றான். அழுதுகொண்டிருந்த அவன் சம்சாரமே சிரித்துவிட்டது. விடியற்காலம் கர்ணன் விழுந்து, கிருஷ்ணன் கிழவன் வேஷத்தில் வந்து செய்த புண்ணியத்தையெல்லாம் கேட்கிற கட்டம். தபால் நண்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். என் காலடியில் ஏதோ சூடாக ஊர்ந்தது. குனிந்து பார்த்தால் ஒரு நாய்க்குட்டி. செவலை நிறம், முன்கால் இரண்டும் வெள்ளை. செத்துப்போன நண்பன் வீட்டு வைக்கோல்போரில் தெருநாய் ஒன்று ஈன்ற குட்டி. “எடுத்துக்கிட்டுப் போங்கண்ணா, அவரு இருந்தப்போ இதுக்குத்தான் பால் வாங்குவாரு” என்றது அந்த அம்மா. எப்படி வேண்டாம் என்பது?

என் மனைவி காலமாகி அப்போது நாலு வருஷம். வீட்டில் நானும் ஒரு சுவர்க் கடிகாரமும்தான். பெட்டைக் குட்டி, தேசிங்கு கதையில் வரும் குதிரையின் பேரைச் சரித்திரக்காரன் வைத்தான்: நீலவேணி. கூப்பிடுவது வேணி. தபால்காரனுக்கு அதில் சம்மதமில்லை. “2005-ல நாட்டு நாய்ங்களுக்குத் தபால்தலை போட்டாங்க. நாலு சாதி. அதில நம்ம ராஜபாளையமும் உண்டு. இது எந்தத் தபால்தலையிலயும் ஒட்டாதுடா” என்றான். ஆனால் தினமும் சாயந்திரம் அதற்கு வறுக்கி வாங்கி வந்ததும் அவன்தான்.

ஐப்பசி மாசம் என்றால் எனக்கு முன்பெல்லாம் மூட்டுவலி மாசம். அந்த வருஷம் அப்படி இல்லை. விடிகாலை ஆறு மணிக்கு வேணி என் போர்வையை இழுக்கும். ஏரிக்கரை வரை நடை. இங்கிலீஷ் பாடத்தில் இலையுதிர்காலம் என்று படித்தோமே, நம்ம ஊரில் இலை உதிர்கிற காலமா அது? எல்லாம் பச்சைப் பிடிக்கிற காலம். நம் முன்னோர் ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்று தனியாகப் பெயர் வைத்தது சும்மா இல்லை. ஈரக் காற்று, புது மண் வாசனை, தவளைச் சத்தம், கூடையில் செஞ்சி மலைச் சீத்தாப்பழம், அவித்த மணிலாக்கொட்டை. வேணி ஒவ்வொரு நண்டு வளையிலும் மூக்கை விட்டுப் பார்க்கும். நான் பார்த்தும் பார்க்காமல் நடந்த கரைதான் அது. தீபாவளிக்கு, அக்டோபர் 31 அன்று, வெடிச் சத்தத்துக்கு நடுங்கிப்போய்க் கட்டிலுக்கடியில் கிடந்தது. அதோடு நானும் கீழே படுத்துக்கொண்டேன். அறுபத்தொன்பது வயசில் ஒரு மனுஷன் தீபாவளி கொண்டாடுகிற லட்சணம் இது.

இனிமேல் சொல்லப்போவது என் தப்பு.

குட்டிக்கு மூன்று மாசம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும் என்று கால்நடை மருந்தகத்தில் சொல்லி, நவம்பர் 13 வரச்சொன்னார்கள். அன்றைக்குப் பாண்டிச்சேரியில் நாடகம். நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் அதே நவம்பர் 13-இல் அங்கேதான் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. சமாதிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, ராத்திரி ‘வள்ளி திருமணம்’ பார்ப்பது என்று ஏற்பாடு. வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணினார்கள் பாருங்கள், ஒன்றரை மணி நேரம்! ஆர்மோனியக்காரர் நடுவில் டீ குடித்துவிட்டு வந்தார், தர்க்கம் முடியவில்லை. அற்புதமான ராத்திரி. ஊசிதானே, அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் மழை என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. திண்ணையில் தபால்காரன் வறுக்கியை நீட்டி நீட்டி இழுத்து விளையாட்டுக் காட்டினான். வேணி லபக்கென்று கவ்வியது. வறுக்கியோடு அவன் கட்டைவிரலும் சேர்ந்தது. ரத்தம்.

“குட்டிப் பல்லுடா, ஒண்ணுமில்ல. மஞ்சள்தூள் கொண்டா” என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பையனை நாய் கடித்து, மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இரண்டு மாசம் கழித்துத் தண்ணீர் சொம்பைப் பார்த்து அவன் அலறிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த நோய் வந்துவிட்டால் வைத்தியம் அநேகமாகக் கிடையாது. வேணியின் தாயோ ஊர்சுற்றும் தெருநாய். ஊசி போட்டாயா என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வது? நாரதர் தர்க்கம் பார்க்கப் போயிருந்தேன் என்றா?

விரலைக் குழாயடியில் பிடித்துச் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினேன். “தோலே போயிடும்டா” என்று கத்தினான். மஞ்சளும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, கட்டும் போடவில்லை. செஞ்சி அரசு மருத்துவமனைக்கு ஆட்டோ. வழியெல்லாம், “தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியா?” என்று புலம்பினான். அது நாம் படித்த காலத்துக் கதை. அந்தப் பழைய மருந்தை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது இரண்டு கையிலும் தோலுக்குள் துளித்துளியாகப் போடுகிறார்கள்: கடித்த அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். ரத்தம் வந்த கடி என்பதால் கடிவாயைச் சுற்றியும் ஒரு மருந்து போட்டார்கள். அதற்குத்தான் துள்ளினான். “நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்க. தீனி எடுக்குதா, தண்ணி குடிக்குதா, குணம் மாறுதான்னு கவனிங்க. அதுக்காக ஊசியை நிறுத்தாதீங்க” என்றார் டாக்டர்.

பத்து நாள். சரித்திரக்காரன் நோட்டுப் போட்டு எழுதினான்: காலை பால், மதியம் சோறு, குரைப்பு சாதாரணம். 27-ஆம் தேதி இரண்டாம் தவணை. மூன்று பேரும் பஸ்ஸில் போய், ஊசி முடிந்ததும் செஞ்சியில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். கொஞ்சம் தைரியம் வந்தது.

மூன்றாம் தவணை டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயலை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர் 30 ராத்திரி பாண்டிச்சேரிப் பக்கம் கரையேறி நகராமல் நின்றது. நம் மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. கொட்டியது. கரண்டு இல்லை, போன் இல்லை, சாலையில் இடுப்பளவு தண்ணீர். ஊசிக்குப் போக வழியே இல்லை. அது போதாதென்று, அன்று காலையிலிருந்து வேணி சாப்பிடவில்லை. கட்டிலுக்கடியில் மூலையைப் பார்த்து முடங்கிவிட்டது. தண்ணீர்க் கிண்ணத்தை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. புயலுக்குப் பயந்ததா, அதுவா? மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒரு சிநேகிதனை அப்போதுதான் அனுப்பிவைத்திருந்தோம். இன்னொருவனை என் சோம்பேறித்தனத்தால் அனுப்பப்போகிறேனா என்ற நினைப்பு. இதை இதுவரை இவர்கள் இரண்டு பேரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் பிற்பகல் மழை விட்டது. வாசலில் சலசலவென்று சத்தம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், தலையில் ஒரு பாலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு தபால்காரன். “இன்னாடா, உன் பொண்ணு துன்னாளா?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. பையிலிருந்து ஈர வறுக்கி ஒன்றை எடுத்துக் கட்டிலுக்கடியில் நீட்டினான். அதே கையில், அதே கட்டைவிரலுக்குப் பக்கத்தில்! “டேய், வேணாண்டா” என்று கத்தினேன். முதலில் மூக்கு வந்தது. அப்புறம் வெள்ளைக் கால் இரண்டும் வந்தது. வறுக்கியைத் தின்றுவிட்டு, கிண்ணத்துத் தண்ணீரைச் சளக்சளக்கென்று காலி செய்தது. நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

டிசம்பர் 3 அன்று எப்படியோ செஞ்சி போய்ச் சேர்ந்தோம். இரண்டு நாள் தள்ளிப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம் என்று நர்ஸம்மா சொன்னார்கள். நாலாம் தேதியோடு பத்து நாள் முடிந்தது. ஐந்தாம் தேதி வேணிக்கு ஊசி. மருந்தகத்து டாக்டர் என்னைத் திட்டினார். திட்டட்டும்.

13-ஆம் தேதி கார்த்திகைத் தீபம். திருவண்ணாமலையில் மண்சரிவில் ஏழு உயிர் போன பிறகு வந்த தீபம். அந்த வருஷம் பக்தர்களை மலையேற விடவில்லை. இங்கே எங்கள் மொட்டை மாடியில் மூன்று பேரும் மேற்கே பார்த்து நின்றோம். ஒரே மேகம். பனம்பூக் கரியை இடித்துத் துணியில் சுற்றி மாவலி கட்டி வைத்திருந்தேன். தூறலில் பாதி நமத்துப்போயிற்று. இருந்தாலும் சுற்றினோம். பொறி வட்டத்தைப் பார்த்து வேணி குரைத்துத் தீர்த்தது. பத்து நாள் கழித்து ஒரு தெளிவான ராத்திரி, மேற்கே அடிவானத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. “அண்ணாமலை தீபம்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான் தபால்காரன். “செல்போன் டவர் லைட்டு” என்றான் சரித்திரக்காரன். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

பாரதத்தில் தருமர் கடைசியில் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று தேரின் முன்னால் நிற்பாரே, நான் பார்த்த கூத்துகளில் அந்தக் கட்டம் வந்ததில்லை. எங்கள் ஊர்க் கூத்து வாத்தியாரிடம் ஒருநாள் ஆடுங்களேன் என்று கேட்டேன். “நாய் வேஷம் கட்ட ஆள் யாரு? நீங்க கட்றீங்களா சார்?” என்றார். யோசிக்கிறேன்.

2025-லும் பாண்டிச்சேரிக்குப் போனோம். அதற்கு முன்னாலேயே ஊசி அட்டையை எடுத்துக்கொண்டு, என்னைக் கேட்காமல், வேணியைச் சைக்கிள் கூடையில் உட்கார வைத்துத் தபால்காரனே மருந்தகத்துக்குப் போய் வந்துவிட்டான். இப்போது அது கூடைக்குள் அடங்காது. கால் இரண்டும் வெளியே தொங்கிற்றாம்.

கட்டைவிரல் தழும்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் மூன்றாவது வரிசைக்காரரைக் கேளுங்கள். காட்டுவார், கூடவே என்னைப் பற்றி நாலு வார்த்தையும் சொல்வார். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.