கட்டற்ற மென்பொருளும் கன்னித்தமிழும்

(மதுரையில் தனித்தமிழ் அன்பர் நடுவே ஆற்றப்பெற்ற உரை)



வையைக் கரையருகே கீழடியில் மண்ணை அகழ்ந்தபோது சுடுமண் ஆட்டக்காய்களும் பகடைகளும் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஓய்ந்த பொழுதில் ஆடி மகிழ்ந்தவர் இந்நிலத்து மக்கள். ஆடுபுலியாட்டமும் அவ்வழி வந்ததே போலும். புலி 3, ஆடு 15, புள்ளி 23 எனக் கட்டம் கீறிச் சிற்றூர்த் திண்ணைகளில் ஆடினர். அத்திண்ணையில் இன்று அமர்ந்திருக்கும் சிறுவன் கையிலோ கைப்பேசி; அதனுள்ளே அயலார் புனைந்த ஆட்டம்; அதன் மொழியோ ஆங்கிலம்! சிறுவனைக் கடிந்து பயனென்ன? அவனுக்குத் தமிழில் ஆட்டம் ஆக்கித் தந்தவர் எத்துணைப் பேர்?

ஆக்குதற்குக் கருவி இல்லாமல் இல்லை. கோதோ என்பது கணினியில் ஆட்டம் படைக்க உதவும் மென்பொருள். அர்சென்டினா நாட்டார் இருவர் உருவாக்கியது. 2014-இல் அதன் மூலநிரலை உலகிற்குத் திறந்துவைத்தனர். அதற்கு விலையில்லை; ஆயின் அதுவன்று சிறப்பு. விலையின்றிக் கிடைப்பது, கொடுப்பவன் கைம்மடக்கினால் நின்றுபோகும். மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம் என்னும் உரிமையே சிறப்பு. 1983-இல் அமெரிக்கராகிய ரிச்சர்டு சுடால்மன் முழங்கிய கொள்கை அது. 'கட்டற்ற மென்பொருள்' எனத் தமிழில் பெயர் அமைந்தது. நல்ல பெயர்; ஆங்கிலப் பெயரில் உள்ள விலை, விடுதலை என்னும் இருபொருள் மயக்கம் இதில் இல்லை.

இவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயா? தமிழெழுத்திலேயே சான்றுண்டு. ஒருங்குறியில் 'தெ' என்னும் எழுத்தைக் கணினி முதலில் தகரமாகவும் அதன்பின் கொம்பாகவுமே வைத்திருக்கும். திரையில் காட்டுங்கால் கொம்பை முன்னே கொணர்ந்து நிறுத்தல் வேண்டும். கோதோவின் மூன்றாம் பதிப்பு வரை அவ்வறிவு அதற்கில்லை. 'தெரு' என எழுதினால் கொம்பு தகரத்தைக் கடந்து பின்னே போய் நின்றது! அரபுக்கும் நாகரிக்கும் இதனையொத்த இழுக்கே. 2023 மார்ச்சுத் திங்களில் வந்த நான்காம் பதிப்பில் அது நீங்கிற்று. எழுத்துகளை முறைப்படக் கோக்கும் ஆர்பசு என்னும் மற்றொரு கட்டற்ற மென்பொருளை அதனோடு இணைத்தனர். மூடிய மென்பொருளாயின் உரிமையாளன் மனம் இரங்கும்வரை வாயிலில் காத்துக்கிடக்க வேண்டும்.

காணொளிப் பகிர்விலும் இவ்வழி உண்டு. பிரமாசாப்டு என்னும் பிரெஞ்சு அமைப்பினர் பியர்தியூபு என்பதன் முதற்பதிப்பை 2018-இல் வெளியிட்டனர். ஒரே முதலாளியின் கிடங்கில் எல்லாம் குவியாமல், அவரவர் கணினியில் அவரவர் வைத்து, ஒன்றோடொன்று இணைத்துக்கொள்வது அதன் முறை. தமிழ் மன்றங்கள் தம் உரைகளைத் தாமே வைத்துக் காக்கலாம். செலவு உண்டு, ஆளும் வேண்டும், அதை மறைப்பானேன்?

கணினியின் முகப்பாகிய பணிமேடையில் செய்தி வேறு. கே.டி.இ. 1996-இலும் குனோம் 1997-இலும் தொடங்கின. இரண்டையும் தமிழில் ஆளலாம். 2011-இல் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோசுடன் பாசு என்னும் இலினக்சு வகையும் அதில் இருந்தது. அதைத் திறந்து காட்டிய ஆசிரியர் எத்துணைப் பேர்?

அத்தமிழ் முகப்பில் 'மேல்மேசை' என்றொரு சொல்லைக் கண்டு புலவர் முகஞ்சுளிப்பர். மேசை போர்த்துக்கீசியர் வழி வந்த சொல், சுளிப்பு முறையே. 'பணிமேடை' என ஆள்வோரும் உளர். ஆயின் சுளித்தவர் திருத்தி எழுதினாரா? ஊதியம் கருதாது இரவில் கண்விழித்து மொழிபெயர்த்த இளைஞரைக் குறைகூறல் எளிது.

1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர், வெள்ளையர் ஒருவர் திருக்குறளைத் 'திருத்தி' அச்சிட்ட படிகளையெல்லாம் விலைகொடுத்து வாங்கி எரித்தார் என்பர். அச்சேறிய பிழையை ஒழிக்க அவர்க்கு வேறு வழியில்லை. இங்கோ பொருட்செலவு வேண்டா. மொழிபெயர்ப்புக் கோப்பு எவர்க்கும் திறந்தே கிடக்கிறது. மேலே ஆங்கிலத் தொடர், கீழே தமிழ்த் தொடர். திருத்தத்தை முன்மொழிந்தால் குழுவினர் ஆய்வர். ஏற்றால் அடுத்த பதிப்போடு உலகெங்கும் செல்லும்.

தமிழாசிரியர்க்கு மூலநிரல் தெரிய வேண்டா. கணினி பயின்ற மாணவன் ஒருவனை அருகே அமர்த்திக்கொண்டு மாலைக்கு இருபது தொடர் பார்க்கலாம். முதல் மாலையிலேயே அந்த மேசையை அப்புறப்படுத்தி விடலாம்.