பாட்டுக்கு ஒரு பட்டப்படிப்பு



பாட்டெழுதக் கற்பிக்க இயலுமா என்பது பழைய வினா. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லாரன்ஸ் பெர்க் 1945-இல் தோற்றுவித்த நிறுவனமே இன்றைய பெர்க்லி இசைக் கல்லூரி. அங்கே பாடலாக்கம் ஒரு பட்டப்படிப்பு. இசைத் தயாரிப்பும் ஒலிப்பதிவும் மற்றொன்று. பாடல் வரி இயற்றும் கலையைப் பல்லாண்டுகள் அங்குப் பயிற்றுவித்தவர் பாட் பாட்டிசன். பேச்சில் அழுத்தம் பெறும் அசை, தாளத்திலும் அழுத்தமான இடத்தில் அமர வேண்டும் என்பது அவர் பாடம். நிலைகுலைந்த மனத்தைப் பாடுங்கால் அடிகளின் அளவும் ஒவ்வாது நிற்கலாம். வடிவமும் பொருளையே உரைக்க வேண்டும்.

ஆங்கிலத்துக்கு அழுத்தம் எப்படியோ, தமிழுக்குக் குறில் நெடில் அப்படி. மெட்டின் நெருக்கடியில் குறில் நீண்டால் படம் பாடமாகும். நெடில் குறுகினால் மாலை மலையாகும். பொருளே மாறிவிடும்.

இப்பிழையை ஏடு காட்டாது. ஒலிப்பதிவுக் கூடம் காட்டும். ஒலிவாங்கியின்முன் பகரம் காற்றாய் வெடிப்பதையும், மெல்லிய ஈற்றசை கருவியொலியில் மூழ்குவதையும் எழுதியவரே கேட்டுத் திருத்தும்போது, சொல் செவிக்குரியதாகின்றது. கற்பனையைப் பல்கலைக்கழகம் தர இயலாது. பழகிய செவியைத் தர இயலும்.

1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கும் இசைக்கும் துறைகள் உள்ளன. யாப்புக் கற்றவரும் பண் கற்றவரும் ஒலிப்பதிவு கற்றவரும் இத்தகைய வளாகங்களில் ஒரு கூடத்தில் அமர்ந்து ஒரு பாட்டை ஆக்கட்டும். மெட்டுக்குச் சொல்லைப் பலியிடாத பாட்டு அங்கே பிறக்கும். அதற்குக் குரல் கொடுப்பது கவிஞர் கடன்.