பொன்னியின் செல்வனும் பெண் பழியும்

(காங்கேயத்தில் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச வந்த விஷயம் வேறு. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்த ஒரு பேச்சு, அதை ஒத்திவைக்கும்படி செய்துவிட்டது. இரண்டு வாலிபர்கள் 'பொன்னியின் செல்வன்' கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், "என்ன இருந்தாலும் ஒரு பொம்பளையாலதானுங்க அத்தனை பெரிய இளவரசன் செத்தான்! பொம்பளையை நம்புனா அதானுங்க கதி" என்றார். மற்றவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

அந்தக் கதையைக் கல்கி 1950-ம் வருஷம் முதல் 1954-ம் வருஷம் வரை தமது வாரப் பத்திரிகையில் எழுதினார். 2022-லும் 2023-லும் சினிமாவாகவும் வந்துவிட்டது. படிக்கச் சுவையான புஸ்தகம்தான். நாமும் ராத்திரி விளக்கை அணைக்காமல் படித்தவர்கள்தான். சுவையைப் பற்றி நமக்குச் சண்டையில்லை. ஆனால் கண்ணபுரம் சந்தையில் மாடு பிடிக்கப் போகிற நீங்கள், கொம்பும் திமிலும் அழகாயிருக்கின்றன என்பதற்காகப் பல்லைப் பார்க்காமல் பணத்தை அவிழ்ப்பதுண்டா? அதுபோலவே இதற்கும் பல்லைப் பிடித்துப் பார்ப்போம்.

கதையின் ஆணிவேர் என்ன? சண்டையில் தோற்று, உடம்பெல்லாம் காயத்தோடு பாண்டியன் வீரபாண்டியன் ஒரு குடிசையில் கிடக்கிறான். நந்தினி என்ற பெண் அவனுக்குத் தண்ணீர் கொடுத்துப் பணிவிடை செய்கிறாள். தேடி வந்த சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் காலில் விழுந்து, "இவரைக் கொல்ல வேண்டாம்" என்று கெஞ்சுகிறாள். அவனோ, எழுந்திருக்கவும் மாட்டாமல் கிடந்தவன் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு போகிறான். பிறகு கதை முழுதும் அவள் பழி வாங்க அலைகிறாள். கடைசியில் கடம்பூர் மாளிகையில் கரிகாலன் சாகிறான்.

இப்போது கேட்கின்றோம். காங்கேயத்து மாட்டுக்காரர் எவராவது, கால் ஒடிந்து படுத்துவிட்ட காளையைத் தார்க்குச்சியால் குத்துவாரா? குத்தினால் ஊரார் சும்மா விடுவார்களா? அப்படியிருக்க, காயம்பட்டுக் கிடந்த மனிதனை வெட்டியவன் 'வீரன்'. அவனுக்குத் தண்ணீர் கொடுத்தவள் 'விஷப் பாம்பு'! படித்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் யார்மேல் கண்ணீர் வருகின்றது? வெட்டியவன்மேல்தான். அவனை மனம் நொந்து புலம்பவைத்திருக்கிறார் கல்கி. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் புலம்பல் நம்மை அவன் பக்கம் இழுக்கத்தானே உதவுகின்றது?

நிற்க. இதில் சரித்திரம் எவ்வளவு? வீரபாண்டியன் தலையைக் கொண்டது உண்மை. 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்பது கரிகாலனுக்குப் பட்டமாகவே கல்வெட்டுகளில் வருகின்றது. பாண்டியன் தலையைத் தலைநகரில் வெற்றித்தூண்போல நட்டதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமை பேசுகின்றது. பாண்டியன் மட்டும் இளைத்தவனா? அவன் தன்னைச் 'சோழன் தலைகொண்ட' என்று எழுதிக்கொண்டவன்! இவன் தலையை அவன் கொள்வதும் அவன் தலையை இவன் கொள்வதுமே அந்தக் காலத்து ராஜாக்களுக்குப் பட்டமாயிருந்தது. அந்தத் தலைகளுக்காகச் செத்த உழவன் மகன் பெயர் எந்தச் செப்பேட்டிலாவது இருக்கிறதா?

குடிசையும் நந்தினியும் கற்பனை. அப்படியானால் கரிகாலனைக் கொன்றவர்கள் யார்? இதற்குக் கல்லே சாட்சி சொல்லுகின்றது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், ராஜராஜனுடைய 2-வது ஆட்சியாண்டில், அதாவது ஏறக்குறைய 987-ல், வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கின்றது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது சொல்லுகிற பெயர்கள் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்பவை. 'பிரமாதிராசன்' என்பது யாருக்குக் கொடுத்த பட்டம்? அரசாங்க உத்தியோகத்திலிருந்த பிராமணர்களுக்குக் கொடுத்த பட்டம். கொலைகாரராக அதில் ஒரு பெண் பெயரும் கிடையாது.

அந்த ரவிதாசன் நாவலுக்குள் வரும்போது என்ன ஆகிறான்? ஆந்தைபோல் கத்துகிற மந்திரவாதியாகிவிடுகிறான். பிரமாதிராசப் பட்டமும் உத்தியோகமும் எங்கோ உதிர்ந்துவிட்டன. அந்த இடத்தில் அழகான ஒரு பெண் நிற்கவைக்கப்பட்டிருக்கிறாள். கல்கி சரித்திர ஆராய்ச்சிகளைப் படித்து எழுதியவர். இந்தக் கல்வெட்டை அறியாதவரல்லர். கதைக்கு அவசியமென்று மாற்றினார் என்பார்கள். மாற்றட்டும், கதைக்காரருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. ஆனால் எழுபது வருஷங்களுக்குப் பிறகு காங்கேயம் டீக்கடையில் நிற்பது எது? கல்வெட்டா, கற்பனையா? கல்லில் பெயர் உள்ளவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். பிறக்கவே பிறக்காத ஒருத்தியைக் காட்டி, நம் வீட்டில் பிறந்த பெண்களை நம்பாதே என்கிறோம்!

இன்னொரு சங்கதி. கொலை நடந்து, உத்தம சோழன் ஆண்டு முடிந்து, ராஜராஜன் பட்டத்துக்கு வந்த பிறகே இந்தக் கல்வெட்டு தோன்றுகின்றது. அதிலும் தலை வாங்கியதாகப் பேச்சில்லை. அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய நிலங்களைப் பறித்து விற்றதுதான் இருக்கின்றது. போரில் தோற்ற பாண்டியனுக்குத் தலை போயிற்று. இளவரசனைக் கொன்ற பிரமாதிராசர்களுக்கு நிலம் போயிற்று. ஏன் இவ்வளவு தாமதம், ஏன் இவ்வளவு இலேசு என்பதில் ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். இதை வைத்து ஒருவர் நாவல் எழுதினால் நாமே முதலில் வாங்கிப் படிப்போம்.

நேரமாகிவிட்டது, கடைசி பஸ் இருப்பதாகச் சொல்லுகிறார்கள். டீக்கடையில் பார்த்த அந்த வாலிபர்கள் இருவரும் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பதாகத் தெரிகின்றது. நாம் சொன்னதில் தப்பிருந்தால் அவர்களே முதலில் எழுந்து கேட்கட்டும்.